தாவ் ஃபோங் ஷான்: பௌத்த மடத்தின் அமைப்பில் ஒரு கிறிஸ்தவ ஆலயம்

சீன மரபில் தேவாலயம் கட்ட முனைந்தவர்களில் பெரும்பாலோர் கூரையிலிருந்து தொடங்கினார்கள். வளைந்த இறவாரம், பளபளக்கும் ஓடு, சிவப்புத் தூண், உச்சியில் சிலுவை. பார்த்தவுடன் சீனக் கட்டடம் என்று தெரிந்துவிடும். ஆனால் சிக்கல் கூரையில் இல்லை, வாசலில் இருக்கிறது.

சீனக் கூடத்துக்கு முகம் என்பது அதன் நீண்ட பக்கம். தெற்கு பார்த்த அந்தப் பக்கத்தின் நடுவில்தான் வாசல் வைப்பார்கள். தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட அங்கணங்கள் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வரும். நடு அங்கணம் மற்றவற்றைவிடச் சற்று அகலமாக இருக்கும். உள்ளே காலெடுத்து வைத்தால் சில எட்டிலேயே எதிரில் பீடம். கூடம் நமக்கு இடமும் வலமுமாக விரிந்து கிடக்கும். ஐரோப்பியத் தேவாலயத்தில் இது அப்படியே திரும்பிவிடும். கூரையின் முக்கோணம் தெரிகிற குறுகிய பக்கத்தில் வாசல். அங்கிருந்து நீளமாக நடந்து போனால் கடைசியில் பலிபீடம். சீனக் கூடத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு முந்நூறு பேரை உட்கார வைத்தால், பாதிப் பேர் கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிரசங்கம் கேட்க வேண்டும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அது இதைவிட ஆழமானது. சீனப் பௌத்த மடத்தில் துறவிகள் காலையும் மாலையும் கூடத்துக்குள் ஓதுவார்கள். பொதுமக்களோ முற்றத்தில் தூபக்கலத்தருகே ஊதுவத்தி ஏற்றி, உள்ளே போய் மண்டியிட்டு வணங்கிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். நம் ஊர்க் கோயிலில் கூட்டம் பிராகாரத்தில் நிற்பதைப் போல, அங்கே மக்களுக்கு உரிய இடம் முற்றம், கூடம் தெய்வத்துக்கு. கிறிஸ்தவ ஆராதனையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும், ஒரே திசை பார்க்க வேண்டும். மக்கள் மொத்தமாக உள்ளே போய்விட்டால் முற்றம் எதற்கு? முற்றம் வேண்டாம் என்றால், சீன மரபில் கட்டுகிறோம் என்று சொல்வதில் என்ன மிச்சம் இருக்கிறது?

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த கட்டடங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஹாங்காங்கின் ஷா டின் மலைமேல் 1930களில் எழுந்த தாவ் ஃபோங் ஷான். அதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஒரு முறை பார்த்துவிடலாம்.

அதற்கு முன்

பதினேழாம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் சீனாவில் முற்றத்து வீடுகளுக்குள்தான் குடியேறியது. 1640-இல் இயேசு சபைப் பாதிரியார் ஃபிரான்சிஸ்கோ பிராங்காத்தி ஷாங்காயில் வாங்கி ஆலயமாக்கியது பான் குடும்பத்தின் மாளிகைக் கூடம். புகழ்பெற்ற யூ தோட்டத்தை அமைத்ததும் அதே குடும்பம். யோங்செங் பேரரசர் 1724-இல் கிறிஸ்தவத்தைத் தடை செய்த பிறகு அந்தக் கூடம் குவான் தி கோயிலாக மாறியது. 1861-இல் திரும்பக் கத்தோலிக்கர் கைக்கு வந்தது. ஒரே கூரையின் கீழ் மாளிகை, தேவாலயம், சீனத் தெய்வத்தின் கோயில், மறுபடி தேவாலயம் என்று எல்லாம் நடந்திருக்கிறது. அந்தக் கட்டட முறையின் வலிமையே இதுதான். கூடம் இன்னதுக்கு என்று பிறப்பதில்லை. முற்றமும் வரிசையும் மாறாமல் இருக்க, உள்ளே யார் உட்காருகிறார்கள் என்பது மட்டும் மாறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கத்திய நாடுகள் சீனாவோடு நடத்திய அபினிப் போர்கள் இந்தப் பழக்கத்தை உடைத்தன. குவாங்சோவில் இரண்டாம் அபினிப் போரில் அழிந்த மாகாணத் தலைமை ஆளுநரின் மாளிகை இருந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 1863-இல் தொடங்கி 1888 வரை கருங்கல்லில் ஒரு கோதிக் பேராலயம், அதாவது கூர்வளைவுகள் கொண்ட ஐரோப்பிய பாணியில், எழுப்பினார்கள். அதன் கோபுரங்கள் 58 மீட்டருக்கு மேல் உயரம். சுற்றிலும் தாழ்ந்த ஓட்டு வீடுகள். ஆட்சியின் மாளிகை இருந்த இடத்தில் அந்நியர் கோபுரம் நிற்பதை அந்த ஊர் மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. தியான்ஜினில் நகரின் முக்கிய இடத்தில் 1869-இல் கட்டிய பேராலயத்தை அடுத்த ஆண்டே கூட்டம் கொளுத்தியது. திரும்பக் கட்டியதை 1900-இல் வெளிநாட்டினருக்கு எதிரான பாக்ஸர் கிளர்ச்சியில் மறுபடி கொளுத்தியது.

சீன வடிவத்துக்குத் திரும்பும் முயற்சிகள் அங்கங்கே நடந்தன. குய்யாங் நகரத்தில் 1876-இல் முடிந்த புனித யோசேப்பு ஆலயத்தின் முகப்பு சீனத் தோரணவாயில் வடிவில் இருக்கும். பின்னால் நிற்பதோ ஐரோப்பிய முறையில் நீண்ட ஆலயம். முகப்பைச் சீனமாக்கி, வாசல் சிக்கலை அதற்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். பெய்ஜிங்கில் ஆங்கிலிக்கர் 1907-இல் கட்டிய மீட்பர் ஆலயம் இன்னும் துணிச்சலானது. சாம்பல் செங்கல், சீன ஓட்டுக் கூரை எல்லாம் அப்படியே. ஆனால் கூடத்தையே திருப்பி வைத்து, குறுகிய பக்கத்து முக்கோணச் சுவரில் வாசல் திறந்தார்கள். நீண்ட கூடத்தைச் சிலுவைபோலக் குறுக்குக் கைகள் வெட்டும் இடங்களில் கூரைக்கு மேலே இரண்டு எண்கோண மண்டபங்கள் எழும். உள்ளே வெளிச்சம் அவற்றின் வழியே இறங்கும். அழகான கட்டடம். ஆனால் சீனக் கண்ணுக்கு அது பக்கவாட்டில் திரும்பி நிற்கிற வீடு.

கத்தோலிக்கர் பக்கம் திருப்பம் வந்தது செல்சோ கோஸ்தான்தினியால். 1922-இல் போப்பின் பிரதிநிதியாகச் சீனா வந்த இவர், மேற்கத்திய வடிவத்தில் கோயில் கட்டுவது கிறிஸ்தவத்தை அந்நியர் மதம் என்று ஊருக்கே அறிவிப்பது போலாகும் என்று 1923-இலேயே மிஷனரித் தலைவர்களுக்கு எழுதினார். அவர் வற்புறுத்தலில் 1927-இல் வந்தவர் டச்சு பெனடிக்ட் துறவி அடெல்பர்ட் கிரெஸ்னிக்ட். அடிப்படையில் ஓவியர், சிற்பி. பெய்ஜிங் ஃபூ ஜென் பல்கலைக்கழகக் கட்டடம் (1929–30), ஹாங்காங் அபர்டீனில் 1931-இல் திறந்த குருமடம் ஆகியவை அவர் கைவண்ணம். ஃபூ ஜென்னில் மூலைக் கோபுரங்களோடு கோட்டை மதில் போல ஒரு பெருங்கட்டடம். நடுவில் முற்றங்கள் உண்டு. ஆனால் அந்த முற்றங்களின் வேலை அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் தருவது. வாசலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மனிதனை உள்ளே அழைத்துப் போகிற முற்றங்கள் அல்ல அவை.

ரைஷெல்ட்டுக்கு என்ன தேவைப்பட்டது

தாவ் ஃபோங் ஷானை நிறுவிய கார்ல் லுட்விக் ரைஷெல்ட் நார்வேக்காரர். 1877-இல் பிறந்தவர், லூத்தரன் மிஷனரி. 1903-இல் சீனா வந்தார். 1905-இல் ஹூனான் மாகாணத்து வெய்ஷான் பௌத்த மடத்துக்குப் போனது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. தான் போதிக்க வந்த மக்களுக்கு ஏற்கெனவே இவ்வளவு ஆழமான துறவு வாழ்க்கை இருக்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தார். அதிலிருந்து அவர் கவனம் முழுக்கப் பௌத்தத் துறவிகள்மேல். 1922-இல் நான்ஜிங்கில் ஜிங் ஃபெங் ஷான் என்ற பெயரில் துறவிகளுக்கான இல்லம் ஒன்றை ஆரம்பித்தார். 1927-இல் அந்நகரில் வெளிநாட்டினருக்கு எதிராக வெடித்த கலவரத்தோடு அது நின்றுபோனது. அப்புறம்தான் ஹாங்காங்.

ஷா டின் தேர்வுக்குக் காரணங்கள் தெளிவானவை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி என்பதால் பாதுகாப்பு. 1910-இலிருந்து ஓடும் ரயில் பாதை சீனாவின் உட்பகுதியோடு இணைக்கிறது. துறவிகள் கடல் வழியாகவும் ரயிலிலும் வரலாம். மலை உச்சி என்பது தற்செயல் இல்லை. சீன மடங்கள் மலைகளில்தான் இருக்கும், மடத்தின் முதல் வாசலுக்கே மலைவாசல் என்றுதான் பெயர்.

துறவி என்பவர் ஊர் ஊராகத் திரிபவர். அவரை வரவேற்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் ஆலயம் போதாது. தங்க இடம், சைவச் சாப்பாடு, உட்கார்ந்து படிக்க அறை, காலை மாலை வழிபாடு எல்லாம் வேண்டும். அதாவது ரைஷெல்ட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு முழு மடம். ஆலயம் அதற்குள் ஒரு கட்டடம். இந்தத் தேவைதான் முற்றத்துக்கு உயிர் கொடுத்தது என்பது என் கணிப்பு. மற்ற மிஷனரிகளுக்குச் சீன வடிவம் ஒரு கொள்கை. இவருக்கு அது அன்றாட வசதி.

அளந்து பார்த்தவர்

வடிவமைக்க வந்தவர் டென்மார்க்கின் யோஹன்னஸ் பிரிப்-முல்லர் (1889–1943). 1920களில் டேனிஷ் மிஷனுக்காக மஞ்சூரியாவின் முக்டெனில், அதாவது இன்றைய ஷென்யாங்கில், வேலை செய்தவர். 1929-இலிருந்து சீனப் பௌத்த மடங்களை ஒவ்வொன்றாக அளந்து வரையத் தொடங்கினார். அந்த ஆய்வின் நடுநாயகம் நான்ஜிங்குக்கு அருகே பாவோஹுவா மலையிலுள்ள ஹுய்ஜூ மடம். துறவு விதிகளுக்கும் தீட்சைக்கும் பேர்போன இடம் அது. ஆய்வு 1937-இல் கோபன்ஹேகனில் பெரிய நூலாக வெளிவந்தது. அதன் சிறப்பு வரைபடங்களில் மட்டும் இல்லை. எந்த அறையில் யார், எப்போது, என்ன செய்கிறார்கள் என்பதையும் அவர் வரைபடத்தோடு சேர்த்தே எழுதினார். கட்டடத்தை அதற்குள் நடக்கும் வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு அறையை எடுத்துக்கொண்டு இதைக் காட்டலாம். மூட்டையைச் சுமந்து வரும் திரியும் துறவி நேரே உள்ளே போய்விட முடியாது. முதலில் முற்றத்தின் பக்கக் கட்டடத்தில் இருக்கும் விருந்தினர் கூடத்துக்குப் போக வேண்டும். மூட்டையை வெளியே இறக்கி வைத்து, உள்ளே குறிப்பிட்ட பெஞ்சில், குறிப்பிட்ட முறையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். விருந்தினர் பொறுப்பாளரான துறவி வந்து கேட்பார்: எங்கே தீட்சை பெற்றீர்கள், எங்கிருந்து வருகிறீர்கள்? தீட்சைச் சான்றிதழைப் பார்ப்பார். திருப்தி என்றால் திரிபவர்களுக்கான தங்குமிடத்துக்கு அழைத்துப் போவார்கள். அதன் பெயர் யுன்ஷுய்தாங். மேகமும் நீரும் போல அலைகிறவர்களுக்கான கூடம். பெரிய கூடம் எங்கே, விருந்தினர் கூடம் எங்கே, சாப்பாட்டுக் கூடம் எங்கே என்பது புதிதாக வந்தவருக்கும் தெரியும். காரணம், சீனாவில் எந்த மடத்துக்குப் போனாலும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான்: மலைவாசல், நான்கு காவல் அரசர்களின் கூடம், முற்றம், பெரிய கூடம், இரு பக்கமும் வாழும் அறைகள்.

தாவ் ஃபோங் ஷானிலும் ஒரு யுன்ஷுய்தாங் கட்டினார்கள், அதே பெயரில். வந்த துறவிக்குத் தான் எங்கே வந்திருக்கிறோம் என்று சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கூரை வளைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது. அறைகளின் வரிசையும் அவற்றின் பெயர்களும்தான் செய்யும்.

எண்கோணம்

நடுவில் நிற்பது கிறிஸ்து ஆலயம். மேடையின்மேல் எண்கோண வடிவில், இரண்டடுக்குக் கூரையும் சிவப்புத் தூண்களுமாக நிற்கிறது. பிரிப்-முல்லர் இந்த இடத்தில் செய்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். மடத்தின் பெரிய கூடத்தை அப்படியே எடுத்திருந்தால் அகலச் சிக்கல் வந்திருக்கும். பெய்ஜிங்கில் செய்ததைப் போலக் கூடத்தைத் திருப்பியிருந்தால், எதிரே வரும் துறவிக்குக் கட்டடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருந்திருக்கும். எண்கோணத்துக்கு நீண்ட பக்கமும் இல்லை, குறுகிய பக்கமும் இல்லை. எட்டுப் பக்கமும் ஒன்று. எதில் வாசல் வைத்தாலும் அதுவே முகம். உள்ளே நுழைந்தால் பீடம் நேர் எதிரே. நடை ஐரோப்பியத் தேவாலயத்தைப் போல நீளவும் இல்லை, சீனக் கூடத்தைப் போல சில எட்டில் முடிந்துவிடவும் இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் ஓரளவு பார்க்கலாம்.

இரண்டு மரபுக்கும் எண்கோணம் அந்நியம் இல்லை. சீனாவில் எண்கோணப் பகோடாக்களும் தோட்ட மண்டபங்களும் ஏராளம். கிறிஸ்தவத்தில் ரோமின் லாத்தரன் திருமுழுக்கு மண்டபத்திலிருந்து தொடங்கி எட்டுப் பக்கம் என்பது இயேசு உயிர்த்தெழுந்ததன் அடையாளம். ஏழு நாள் கழிந்து எட்டாவது நாள். இந்தக் கட்டடத்தில் யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஓர் இழப்பும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். சீனத்தில் எண்கோணம் பெரும்பாலும் தனித்து நிற்கும் வடிவம். அது முற்றத்தை மூடாது. நீண்ட கூடம் ஒன்று வடக்கே குறுக்காக நின்றால் அதன் அகலமே முற்றத்தின் ஒரு சுவராகும். மற்ற மூன்று பக்கமும் கட்டடங்கள் சேர்ந்தால் நடுவில் வானத்துக்கு மட்டும் திறந்த சதுரம் ஒன்று பிறக்கும். எண்கோண ஆலயத்தைச் சுற்றிப் போய்விடலாம், காற்றும் பார்வையும் ஓரங்களில் கசிந்துவிடும். அதனால் இங்கே அமைந்தது திறந்த மேடைவெளி. சுற்றிலும் தாழ்வான கட்டடங்கள் இடம் விட்டு நிற்கின்றன. நான்கு பக்கமும் அடைத்த முற்றம் தரும் அமைதி வேறு. மலைமேல் கட்டும்போது சீன மடங்களும் நேர்கோட்டை வளைத்து நிலத்துக்கு ஏற்பப் படி படியாக ஏறும் என்பது உண்மைதான். ஆனாலும் ஆலய வடிவத்தை நன்றாகத் தீர்த்ததற்கு முற்றம் விலை கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

ஆலயத்துக்குக் கீழே தாமரைக் குகை என்ற சிறு தியான அறை இருக்கிறது. தனியாகப் போய் உட்கார மட்டுமே இடம். சபையாகக் கூட மேலே எண்கோணம், தனியே மன்றாடக் கீழே குகை. மடத்தில் ஒரு மனிதன் தனியாக வந்து வணங்கிப் போவானே, அந்தப் பழக்கத்துக்கு இங்கே இடம் கிடைத்தது. தாமரையிலிருந்து எழும் சிலுவைதான் இந்த இடத்தின் சின்னம். அதுவும் புதுக் கற்பனை இல்லை. 781-இல் ஷியானில் கிழக்குத் திருச்சபை என்ற பழைய கிறிஸ்தவப் பிரிவினர் நிறுத்திய கல்வெட்டின் உச்சியிலேயே தாமரைமேல் சிலுவை செதுக்கியிருக்கிறது. மலையின் விளிம்பில் 12 மீட்டர் உயரத்தில் வெள்ளைச் சிலுவை ஒன்று ஷா டினைப் பார்த்து நிற்கிறது. அது மட்டும் எந்த முற்றத்துக்கும் அடங்காமல் ஊரோடு நேரடியாகப் பேசுகிறது.

எதிர்ப்பும் மாற்றமும்

இதெல்லாம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. மணி, ஊதுவத்தி, தாமரை என்று போனால் கிறிஸ்தவமே பௌத்தத்தில் கரைந்துவிடாதா என்று சக மிஷனரிகளே கேட்டார்கள். இந்த வாதம் கட்டடத்தைத் தாண்டி உலக அரங்குக்குப் போனது. அந்த அரங்கு இருந்தது நம் தாம்பரத்தில். 1938 டிசம்பரில் சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மற்ற மதங்களைக் கிறிஸ்தவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே சூடான கேள்வி. மற்ற மதங்களுக்கும் கிறிஸ்துவுக்கும் நடுவே நேர்ப்பாதை கிடையாது என்றார் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர். அந்த மாநாட்டுக் கட்டுரைத் தொகுதியில் ரைஷெல்ட் எழுதியது யோவான் நற்செய்தியின் வழியை: ஆதியிலே இருந்த வார்த்தை எல்லா மனிதருக்கும் ஒளி தந்துகொண்டே இருந்தது என்பது அவர் நிலை. சீன பைபிளில் அந்த 'வார்த்தை' தாவ். மலையின் பெயரும் அதிலிருந்து வந்தது. அதே காலத்தில் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் கோபுரத்தோடு திராவிடக் கோயில் அமைப்பில் தன் ஆலயத்தைக் கட்டி முடித்திருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். கேள்வி சீனாவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

சீனக் கிறிஸ்தவர்களிலும் பலருக்குக் கோயில் சாயல் பிடிக்கவில்லை. விட்டுவந்த இடத்துக்கே திரும்பிப் போவது போல அவர்களுக்குப் பட்டது. கோதிக் கூரையில் ஒரு நவீனம் தெரிந்தது. இந்த எதிர்ப்பை மிஷனரிகளின் எதிர்ப்பைவிட நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் தாவ் ஃபோங் ஷானின் அமைப்பு அவர்களுக்காகக் கட்டியது இல்லை. அது வாசலுக்கு வெளியே மூட்டையோடு நிற்கிறவருக்காகக் கட்டியது. ஷா டினில் ஞாயிறு ஆராதனைக்குக் குடும்பத்தோடு வருகிற சபைக்கு இதே வரைபடத்தைக் கொடுத்திருந்தால் அது பொருந்தியிருக்காது.

1949-க்குப் பிறகு மூட்டையோடு வருகிறவரும் இல்லாமல் போனார். எல்லை மூடியது. சீன மடங்களின் திரியும் வாழ்க்கையே முடிவுக்கு வந்தது. ரைஷெல்ட் 1952-இல் காலமாகி அந்த மலையிலேயே அடக்கமானார். யாருக்காகக் கட்டினாரோ அவர்கள் வருவது நின்ற பிறகும் கட்டடங்கள் சும்மா கிடக்கவில்லை. லூத்தரன் இறையியல் கல்லூரி அந்த மலைக்கு வந்தது. பௌத்தமும் கிறிஸ்தவமும் பேசிக்கொள்ளும் ஆய்வு வேலை தொடர்ந்தது. பீங்கானில் சீன ஓவியர்கள் பைபிள் காட்சிகளைத் தீட்டினார்கள். இப்போது அது பெரும்பாலும் தியான மையம்; ஹாங்காங்கில் வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் ஏறிவந்து தங்குகிறார்கள்.

தங்குமிடமும் வழிபாட்டிடமும் பிரிந்து, நடுவில் நடக்கத் திறந்த வெளி உள்ள அமைப்பு என்பதால் இந்த மாற்றம் எளிதாயிற்று. ஷாங்காயின் பான் மாளிகைக் கூடத்துக்கு நடந்ததும் இதுதான்: ஆள் மாறினார், வரிசை நின்றது. ஒரே நீள்கூடமாக ஒரு கோதிக் ஆலயம் அந்த மலையில் நின்றிருந்தால், சபை போன பிறகு அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு இவ்வளவு சுலபமாக விடை கிடைத்திருக்காது.

1970களில் தொடங்கிய ஷா டின் புதுநகரம் இன்று மலையடிவாரம் முழுக்க அடுக்குமாடிகளாக நிற்கிறது. ரயில் நிலையத்திலிருந்து இன்றும் நடந்தே ஏறலாம். வரைபடம் அந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான், மடங்களில் எடுத்துக்கொள்வது போலவே. அதனால் போகிறவர்கள் முடிந்தால் வண்டியை விட்டுவிட்டு நடந்து போக வேண்டும் என்று சொல்வேன். ஆலயத்தை முதலில் பார்க்காமல், யுன்ஷுய்தாங் எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கிருந்து தொடங்கினால் வரைபடம் சரியாகப் புரியும்.